எல்லாப்பிரகட சுப்பாராவ்

காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்தீவினுள் புகும் வெளியூர் நண்பர் எவர்க்கும், சர் சந்திரசேகர வேங்கடராமன் அவர்கள் 1888 ஆம் ஆண்டில் இத்தீவிலுள்ள திருவானைக்காவிலே பிறந்தார் என்னும் செய்தியைச் சொல்லாமல் விடுவது திருச்சிராப்பள்ளிக்காரராகிய நமக்கு வழக்கமன்று. சொல்லும்போது நம் குரலில் ஒரு சிறு செருக்குந் தோன்றும், அது மன்னிக்கத்தக்கதே. ஆயின், அவருக்கு ஆறாண்டு பின்னர் அதே சென்னை ராஜதானியிற் பிறந்து, அவர் பயின்ற பிரசிடென்ஸி கலாசாலையிலேயே தாமும் பயின்று, உலகெங்கும் நோயாளர் உட்கொள்ளும் மருந்துகள் பலவற்றுக்குக் காரணராய் விளங்கிய மற்றொருவரின் பெயரை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? நாமும் சென்ற ஆண்டு வரையில் அறிந்திலோம். அறிய நேர்ந்தது ஒரு மூதாட்டியாரின் தொண்டை நோயினால்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நம் தோழன் ஒருவனின் வீடு இருக்கிறது. அவனுடைய பாட்டியார் எழுபது வயது கடந்தவர். நெடுநாளாய் நீரிழிவு உடையவர். ஐப்பசி அடைமழையில் அவருக்குச் சளியும் காய்ச்சலும் கண்டன. முன்பொருமுறை வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டு வீட்டிலிருந்தது. அதைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்தனர். காய்ச்சல் தணிந்தது. சில நாள் கழித்துச் சளி மீண்டும் கட்டவே, மிஞ்சிய மாத்திரைகளையும் அவர் விழுங்கினார். அவை தீர்ந்தபின் இன்னும் ஓர் அட்டை வாங்குவித்தார். மூன்று வாரம் இவ்வாறு கழிந்தது. பின்பு ஒரு நாள் காலையில் ரசம் சாதம் தொண்டைக்குக் கீழே இறங்கும்போது நெஞ்சினுள் கத்தியால் கீறினாற்போல் வலித்தது. மறுநாள் வெந்நீர் வலித்தது. ஒரு வாரத்திற்குள் தம் உமிழ்நீரை விழுங்கவும் அஞ்சி, வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஏகாதசி உபவாசத்தைக் கூடச் சிரித்துக்கொண்டே இருப்பவர், பசித்தும் உண்ண முடியாமற் கண்ணீர் விட்டார். வீட்டிலுள்ளோர் அனைவர் மனத்திலும் ஒரே நோயின் பெயர் இருந்தது. அதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திருச்சி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவரைச் சேர்த்தார்கள். உட்கொண்ட மாத்திரை டாக்ஸிசைக்ளின் என்று அறிந்த வைத்தியர், போதிய தண்ணீரின்றி விழுங்கினால் அது உணவுக்குழலிலேயே ஒட்டிப் புண்ணாக்குவதுண்டு என்று முதலில் ஐயுற்றார். பின்னர் நுனியில் விளக்குடைய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி நோக்கியபோது, உணவுக்குழலின் சுவர் நெடுகத் தயிர் ஏடு திட்டுத்திட்டாய்ப் படிந்தாற்போல் வெண்மை காணப்பட்டது. அது புற்றன்று, புண்ணுமன்று, பூசணம். குழந்தைகளின் நாவில் வெள்ளையாய்ப் படர்வதும், நம் நாட்டு மருத்துவர் அக்கரம் என வழங்குவதுமான அந்நோயே, கீழிறங்கி உணவுக்குழலைப் பற்றியிருந்தது. ஃப்ளுகோனசோல் என்னும் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தார்கள். நான்காம் நாளே பாட்டியார் மோர் சாதம் உண்டார்.

அவரைப் பார்க்கச் சென்றிருந்த நம்மிடம் தோழன் மிக்க சினத்துடன் பேசினான். காய்ச்சலைத் தீர்க்கும் மருந்து உணவையே தடுக்குமானால், அதனை உலகுக்குத் தந்தவன் யாரோ அவன் பாவியே என்பது அவன் கருத்து. அந்தப் பாவி யார் என்று தேடப் புகுந்த நாம் கண்டது எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் வரலாற்றை. அவர் டாக்ஸிசைக்ளினைக் கண்டவரல்லர். ஆனால் அம்மருந்து பிறந்த குடும்பத்தின் மூத்த மருந்து அவர் தலைமையேற்ற ஆராய்ச்சிச் சாலையிலே தோன்றியது. அவருடைய வாழ்க்கையோ, நாம் சற்றும் எதிர்பாராத வகையில், இதே வாய்ப்பூசணத்தோடு இளமை முதலே பிணைந்திருந்தது.

1895 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12 ஆம் நாள் கோதாவரிப் பாங்கிலுள்ள பீமவரத்தில் அவர் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வேங்கம்மா. தந்தையார் நோயின் காரணமாய் உத்தியோகத்தை விட்டு முன்னரே விலக நேர்ந்தமையால் குடும்பத்தில் வறுமை சூழ்ந்தது. மைந்தருக்கோ படிப்பிற் பற்றில்லை. பதின்மூன்று வயதில், காசிக்கு வரும் யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுச் செல்வம் சேர்க்கலாம் என்றெண்ணி வீட்டை விட்டு ஓடினார். தாயார் ஆள் விட்டு வழியிலேயே பிடித்து வந்து மீண்டும் பள்ளியில் அடைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து தேறினார். இப்படிப்புக்காகத் தாயார் தம் நகைகளை விற்றார். பரீட்சையில் ஒரு முறை தவறினாலும் உலகமே முடிந்தது எனக் கருதும் நம் விடுதி நண்பர்களுக்கு இச்செய்தி பயன்படலாம்.

பிரசிடென்ஸி கலாசாலையில் இன்டர்மீடியட் பயின்றபோது அவர் மனம் துறவை நாடிற்று. இராமகிருஷ்ண மடத்திற் சேர விரும்பினார். தாயாரின் இசைவின்றிச் சேர்த்துக்கொள்ள மடத்தார் உடன்படவில்லை. மடத்தின் மருத்துவத் தொண்டுக்கு உதவுமாறு வைத்தியம் படிக்கும்படி அவரைத் தூண்டினர். இங்ஙனமே அவர் சென்னை வைத்தியக் கலாசாலையிற் புகுந்தார். கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பார் பொருளுதவி செய்தார்; அவர் மகளாரையே பின்னர் சுப்பாராவ் மணந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதரால் தைத்த அங்கியுடன் அறுவைச் சிகிச்சை அறைக்குட் சென்றமை அறுவைச் சிகிச்சை ஆசிரியராகிய ஆங்கிலேயருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்கு எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்கு வழங்கப்பட்டது. அரசாங்க வைத்திய உத்தியோகமும் வாய்க்கவில்லை. ஆசண்ட லக்ஷ்மீபதி அவர்கள் சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கலாசாலையில் உடற்கூற்று நூல் கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்தார்.

இவ்விளமைக் காலத்தில் நேர்ந்த துயரமொன்றே அவருடைய பிற்கால உழைப்புக்கெல்லாம் விதையாயிற்று என்பது நம் கருத்து. அவருடைய சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராய் மாண்டனர். இருவரையும் கொண்டுசென்றது ஸ்ப்ரூ என்னும் நோய். கிராணி என நம்மவர் சொல்லும் வயிற்றுப்போக்கு வகைகளில் மிகக் கொடியது. நாவின் தோல் உரிந்து சிவந்து, காரமும் சூடும் பட்டால் எரிந்து, உண்டது உடலிற் சேராமல் நுரைத்துக் கழிந்து, இரத்தம் வெளுத்து, எலும்புந்தோலுமாய் உயிர் பிரியும். சுப்பாராவையும் அந்நோய் பற்றிற்று. மேனாட்டு வைத்தியத்தாற் குணமாகாத நிலையில் லக்ஷ்மீபதி அவர்களின் ஆயுர்வேதச் சிகிச்சையாற் பிழைத்தார்.

ஸ்ப்ரூ என்னும் பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது; ஜாவாத் தீவில் வாழ்ந்த டச்சுக்காரர் வாயிலாக ஆங்கில வைத்தியத்திற் புகுந்தது. அம்மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் வேறொன்றுமன்று. நாவிற் படரும் அக்கரமே. பெயர் அவ்வாறிருக்கவே, வைத்தியர் பலர் நோயின் காரணமும் அதுவே என எண்ணினர். 1912 முதல் 1914 வரை இலங்கையில் இந்நோயை ஆராய்ந்த பிலிப் பார் என்னும் ஆங்கில வைத்தியர், வாயில் அக்கரத்தை விளைக்கும் பூசணமே உள்ளிறங்கிக் குடல்வரை பரவி ஸ்ப்ரூவை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டினார். போர்ட்டோ ரிக்கோத் தீவில் ஆஷ்ஃபோர்டு என்னும் அமெரிக்கரும் அவ்வினத்துப் பூசணம் ஒன்றையே குற்றவாளியாக்கினார். ஆதலின் சுப்பாராவின் சகோதரர்கள் இறந்த நாளில், அவர்களைக் கொன்றது வாய்ப்பூசணம் என்று கூறும் வைத்திய நூல்கள் இருந்தன. அம்முடிவு பிழையானது, நாட்பட்ட நோயாளியின் உடலிற் பின்னர் வந்து குடியேறும் விருந்தாளியை அவர்கள் கொலைஞனாகக் கருதிவிட்டார்கள். இத்தகைய பிழை அதற்கு முன்பும் நேர்ந்ததுண்டு. 1839 ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் லாங்கன்பெக், கடுங்காய்ச்சலால் இறந்த ஒருவரின் உணவுக்குழலில் இப்பூசணத்தைக் கண்டு, காய்ச்சலுக்கே அது காரணம் போலும் என்று நினைத்தார். உணவுக்குழலிற் பூசணம் படர்வதைப் பற்றிய பழைய குறிப்புகளுள் அது ஒன்றாகும்.

மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம நிதியின் உதவியை நம்பியும், மாமனார் திரட்டித் தந்த பொருளைக் கொண்டும் சுப்பாராவ் கடல் கடந்தார். 1922 அக்டோபர் 26 ஆம் நாள் பாஸ்டன் துறையில் இறங்கினார். மனைவியாரை இங்கே விட்டுச் சென்றார். அவர் சென்றபின் பிறந்த ஆண்மகவு தந்தையின் முகம் காணாமலே குழவிப் பருவத்தில் இறந்தது. அவர் திரும்பி வரவேயில்லை. இருபத்தாறு ஆண்டு அங்கேயே வாழ்ந்து அங்கேயே மறைந்தார். இவ்வரலாற்றை எழுதுவோர் இதனை இரண்டே வரியிற் கடந்துவிடுகின்றனர். தியாகம் அவருடையது மட்டுமன்று என்பதை நாம் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

ஹார்வர்டு சர்வகலாசாலையில் உஷ்ணப் பிரதேச நோய்களைப் பற்றிய படிப்பில் அவர் சேர்ந்தார். வயிறு வளர்க்க ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேளைகளில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை செய்தார். பின்னர் உயிர் ரசாயனத் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து ஆராயத் தொடங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நீலநிறத்தின் ஆழத்தைக்கொண்டு அளவிடும் முறையை இருவரும் 1925 இல் வெளியிட்டனர். ரசாயனம் பயிலும் மாணவர் இன்றும் அதனை இருவர் பெயராலும் வழங்குவர். அம்முறையைக் கருவியாகக் கொண்டு, 1927 இல் தசையினுள் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929 இல் உயிர்க்கெல்லாம் ஆற்றல் அளிக்கும் ஏ.டி.பி. என்பதையும் பிரித்தறிந்தனர். அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் லோமன் என்பாரும் ஏ.டி.பி.யைத் தனித்துக் கண்டார். 1930 இல் டாக்டர் பட்டம் பெற்றும், நிலையான ஆசிரியப் பதவியை ஹார்வர்டு அவருக்கு அளிக்கவில்லை. கண்டவற்றுள் தம் பங்கு யாது என்று வாதாடும் இயல்பு அவரிடம் இல்லை. இதனைப் பெருங்குணம் என்பர் பலர். குணமேயாயினும், அதனால் அவருக்கு நேர்ந்த நட்டம் பெரிது.

1940 இல் நியூயார்க்கு நகரத்தையடுத்த பெர்ல் ரிவர் என்னுமிடத்து லெடர்லி மருந்துச் சாலைக்கு வந்து, பின் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே கழிந்த எட்டாண்டுகளில் அவருடைய குழுவினர் செய்தவை, பிற ஆராய்ச்சிச் சாலைகள் முப்பதாண்டுகளில் செய்யத்தக்கவை. முதலாவது ஃபோலிக் அமிலம். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கருவுற்ற பெண்கள் இரத்தம் வெளுத்து வருந்துவதை 1928 முதல் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாதரசியார், ஈஸ்டுச் சாரத்தில் அதற்கு மருந்து ஒன்று ஒளிந்திருப்பதைக் காட்டினார். அம்மருந்து இன்னதென அறிந்து, ரசாயன முறையில் ஆக்கி, கையில் எடுத்துக் கொடுக்கும்படி செய்தது 1945 இல் லெடர்லிக் குழு. உடனே அதனை ஸ்ப்ரூ நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உரிந்த நா ஆறிற்று; வெளுத்த இரத்தம் சிவந்தது. உண்ண அஞ்சியவர் உணவு கேட்டனர். சகோதரர் இருவரைப் புதைகுழிக்கல்ல, சிதைக்கு அனுப்பிய அந்நோயின் முன் மருந்தோடு நிற்க அவருக்கு ஏறக்குறைய முப்பதாண்டு பிடித்தது.

அக்காலத்தில் பென்ஸிலின் எல்லா நோய்க்கிருமிகளையும் கொல்வதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கொல்வன வேறு சில. இரண்டுக்கும் பணியாதன பல. ஆகவே பல கிருமிகளை ஒருங்கே அடக்கும் மருந்தை மண்ணிலே தேட சுப்பாராவ் முனைந்தார். அதற்கு அவர் தேர்ந்தவர் எழுபது வயது கடந்து, சர்வகலாசாலைப் பதவியினின்று ஓய்வு பெற்றிருந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவர நூலாசிரியர்; அவர் காளான்களையும் பூசணங்களையும் ஆராய்ந்து பெயர் பெற்றவர். பல ஊர் மண்களை வருவித்துச் சோதித்த டக்கர், மிசௌரி சர்வகலாசாலையின் பரிசோதனை வயலிலிருந்து வந்த மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்றை 1945 இற் கண்டார். அது சுரந்த பொருளுக்குப் பொன்னிறம் பற்றியே ஆரியோமைசின் என்று பெயராயிற்று. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்தது இதுவே. பாட்டியார் விழுங்கிய டாக்ஸிசைக்ளின் இதன் பிற்கால இளவல். கண்டவர் டக்கர், அவரைத் தேர்ந்து, தேடலை நடத்தி, மருந்தாக்கியது சுப்பாராவின் தலைமை. சிலர் சுப்பாராவ் ஒருவரே கண்டார் என்று எழுதுவது அவருக்கே உவப்பாயிராது.

யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் மருந்தும், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்த அமினாப்டெரின் மருந்தும் இவ்வாண்டுகளில் அவர் சாலையில் தோன்றியவையே. யானைக்கால் மாத்திரையைத் தமிழ்நாட்டில் அரசாங்கத்தார் வீடு வீடாய்க் கொடுத்ததை நம்முள் பலர் அறிவோம். யார் தேடித் தந்த மாத்திரை என்று எவரும் சொல்லித் தந்ததில்லை. இவற்றை விரிப்பின் கட்டுரை நீளும்.

1948 ஜூலை மாதத்தில் நியூயார்க்கில் கூடிய விஞ்ஞானிகளின் முன் ஆரியோமைசின் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அறிஞர் பலர் பேசினர்; சுப்பாராவ் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. அதன்பின் மூன்று வாரமும் முழுதாய்க் கழியவில்லை. ஆகஸ்ட் 8 ஆம் நாள் உறக்கத்திலேயே அவர் இதயம் நின்றது. வயது ஐம்பத்து மூன்று. தம் நாடு விடுதலை பெற்று ஓராண்டும் அப்போது நிறைந்திலது.

ஆரியோமைசினின் மறுபக்கம் தெரியத் தொடங்கியது அவர் மறைந்த பின்னரே. அதனை உட்கொண்ட நோயாளர் சிலரின் நாவிலும் தொண்டையிலும் வெண்படலம் படர்வதையும், சிலரிடம் அது உணவுக்குழல் வரை இறங்குவதையும் வைத்தியர்கள் கண்டு, 1950 ஐ அடுத்த ஆண்டுகளில் எழுதலாயினர். காரணம் அறிய அரிதன்று. நம் வாயிலும் குடலிலும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. காண்டிடா என்னும் பூசணமும் ஆரோக்கியமுடையார் பலரிடம் அவற்றினிடையே சிறுதொகையாய் ஒதுங்கிக் கிடக்கும். காவிரிப் பாசன வயலில் நெற்பயிர் அடர்ந்து நிற்குமிடத்துக் கோரை தலையெடுப்பதில்லை. பயிரை அழித்துவிட்டால் கோரை வரப்புவரை படரும். ஆரியோமைசின் போன்ற மருந்து பாக்டீரியாவின் உயிரணுவினுள் புரதம் ஆக்கும் நுண்ணிய பொறியைத் தடுக்கிறது. பூசணத்தின் பொறி வேறு வகையினது. ஏறக்குறைய நம் உயிரணுவை ஒத்தது. ஆதலின் மருந்து அதனைத் தீண்டுவதில்லை. நோய்க்கிருமியோடு காவற்கிருமியும் மடிய, களம் பூசணத்தினுடையதாகிறது. பல கிருமிகளை ஒருங்கே அடக்குவது என்பது சுப்பாராவ் தேடிய சிறப்பு. அச்சிறப்பே இக்குறைக்கும் காரணமாயிற்று.

ஆன்டிபயாடிக் உண்பார் எல்லார்க்கும் இது நேர்வதன்று. உடலின் தற்காப்பு தளராதவரிடம் பூசணம் உணவுக்குழலில் வேரூன்றுவது அரிது. நீரிழிவு உடையவர், இழுப்பு நோய்க்கு ஸ்டீராய்டு மருந்தை வாயால் இழுப்பவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர், எச்.ஐ.வி. தொற்றுடையவர் ஆகியோர்க்கே அச்சம் மிகுதி. பாட்டியாருக்கு நீரிழிவு இருந்தது. மருந்தும் வைத்தியர் கண் பாராமல் வாரக்கணக்கில் நீண்டது. இரண்டும் சேர்ந்தன.

பூசணத்துக்கு மருந்தும் மண்ணிலிருந்தே வந்தது. வந்த ஆண்டும் வியப்புக்குரியது. சுப்பாராவ் மறைந்த அதே 1948 இல், எலிசபெத் ஹேஸன் என்னும் மாதரசியார் விர்ஜீனியா மாகாணத்தில் தம் நண்பரின் பால்பண்ணையிலிருந்து எடுத்த மண்ணில், பூசணத்தைக் கொல்லும் பொருள் சுரக்கும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அவர் நியூயார்க்கு நகரில் இருந்தார். ரசாயன ஆராய்ச்சி செய்த ரேச்சல் பிரௌன் ஆல்பனியில் இருந்தார். ஆராய்ச்சிப் பொருள்களைத் தபாலில் ஒருவர்க்கொருவர் அனுப்பியே இருவரும் வேலையை முடித்தனர். 1950 இல் வெளியான அம்மருந்து நிஸ்டாட்டின். அதனால் வந்த பெரும்பொருளைத் தமக்கென ஒரு காசும் கொள்ளாமல் இருவரும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே வழங்கினர். நம் நாட்டிலும் புனாவுக்கு அண்மையிலுள்ள பிம்ப்ரியில், ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் சாலையில், திருமலாச்சார் அவர்களின் குழுவினர் ஹாமைசின் என்னும் பூசணக்கொல்லியைக் கண்டனர். நிஸ்டாட்டின் குடலினின்று இரத்தத்தில் ஏறுவதில்லை. வாயளவில் நிற்கும் அக்கரத்துக்கு அது போதும், உணவுக்குழலுக்குப் போதாது. இரத்தத்தின் வழியே சென்று உணவுக்குழலின் சுவரை எட்டும் ஃப்ளுகோனசோல் 1990 ஐ ஒட்டியே வழக்கிற்கு வந்தது. இரண்டு மூன்று வாரம் விடாமல் உண்ணவேண்டும்; வலி நின்றவுடன் நிறுத்தினால் நோய் மீளும்.

இவற்றையெல்லாம் தோழனுக்கு எடுத்துரைத்தோம். அவன் சினம் பாதி தணிந்தது. மறுபாதியைத் தணித்தது ஸ்ப்ரூவின் பிற்கால வரலாறு. சுப்பாராவின் சகோதரர்களைக் கொன்ற அந்நோய் 1960 ஐ அடுத்த ஆண்டுகளில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவிற்று. வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியார் ஊர் ஊராய்ச் சென்று அதனை ஆராய்ந்தனர். காரணம் பூசணமன்று, குடலில் அளவிறந்து பெருகும் பாக்டீரியாக்களுக்கு அதிற் பெரும்பங்குண்டு எனக் கருதப்படுகிறது. அதற்கு வைத்தியர் இன்று கொடுக்கும் மருந்து இரண்டு: ஒன்று ஃபோலிக் அமிலம், மற்றொன்று டெட்ராசைக்ளின். மாதக்கணக்கில் இரண்டையும் சேர்த்தே கொடுக்கின்றனர். இரண்டும் சுப்பாராவின் சாலையினின்று பிறந்த வழியின. முதலாவதன் பயனை அவர் கண்டு மகிழ்ந்தார். இரண்டாவது தம் சகோதரரின் நோய்க்கே மற்றைய பாதி மருந்தாகும் என்பதை அவர் அறியாமலே போனார். அம்மருந்து சிலரின் உணவுக்குழலிற் பூசணத்தைப் படரவிடும் என்பதையும் அறியவில்லை. 1994 இல் சூரத் நகரில் பிளேக்கு அச்சம் எழுந்தபோது மக்கள் ஓடித் தேடியதும் டெட்ராசைக்ளினையே.

அவரைப் பாவி என்பது தகாது. குறையேயில்லாத மருந்தைத் தந்த தெய்வ மருத்துவர் என்று புகழ்வதும் தகாது என்பது நம் எண்ணம். அவர் தந்தது கூரிய ஆயுதம். அதனை எத்துணை நாள் வீசுவது என்று சொல்ல ஒரு வைத்தியர் அருகில் இருக்கவேண்டும். பழைய சீட்டு வைத்தியராகாது. பாட்டியார் வீட்டு அலமாரியில் மிஞ்சியிருந்த மாத்திரை அட்டைகளைத் தோழன் அப்புறப்படுத்தினான். சுப்பாராவின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார் பாட்டியார். தெலுங்கரா என்று மட்டும் வினவினார்.

1995 இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, இந்தியத் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த முத்திரை வெளியிட்டது. அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1953 இல், ஹெஸல்டைன் என்னும் அமெரிக்கப் பூசண நூலறிஞர், கழிவுநீரைத் தூய்மை செய்யும் படுகையிற் புதியதோர் இனத்தைக் கண்டு, சுப்பாராவின் நினைவாக அதற்குச் சுப்பாரோமைசெஸ் எனப் பெயரிட்டிருந்தார். அதுவும் ஒரு பூசணமே.